பழைய ஷூவுக்குப் பிறத்தியார் துணி

தையல் தொழிலில் அளவு தப்பினால் பிரித்துத் தைத்துவிடலாம். மிச்சத் துணி எங்கே என்று ஒருவர் கேட்டுவிட்டால்தான் வாய் உலர்ந்துபோகும். மெஷின் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் கடை போட்டிருந்தேன். சட்டை, ரவிக்கை போக, கிழிந்த ஷூக்களுக்கு மேல்துணி ஒட்டியும் கொடுப்பேன். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, துணியைக் கிராஸாக, மூலைவாட்டில் வெட்டி, இழுத்து ஒட்டி, ஓரத்தைக் கையால் தைத்தால் கிழிசல் தெரியாது. துணி, வாடிக்கைக்காரர்கள் கேட்காமல் விட்டுப்போன துண்டுகள். தன் துணி இன்னொருவர் காலில் கிடப்பதை ஒருவர் பார்த்துவிட்டால் அன்றோடு கடை மூடல். அதனால் ஷூ வேலையைப் பின்வாசலில் வைத்துக்கொண்டேன்.

நீலப் பூ

முதல் ஜோடி குத்துக்கல்வலசை டீச்சருடையது. ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டு ஜன்னல் திரையில் மிஞ்சிய நீலப் பூத்துணியை ஒட்டியிருந்தேன். டீச்சர் போட்டுக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். சட்டென்று நின்றார். குனிந்து பூவை உற்றுப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினார். அண்ணாச்சி பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பது அவர்தான் என்பது எனக்குத் தெரியாது.

“அந்த ஜன்னலுக்குக் கீழதான் தெனமும் உக்காருதேன், டெய்லரே.”

சாரல்

சீசனுக்குக் குற்றாலம் வந்த மதுரைக்காரர் ஒருவர் தன் கான்வாஸ் ஷூவுக்குச் சிவப்புத் துணி கேட்டார். சாயம் நிற்குமா என்று நனைத்துப் பார்க்காமல் ஒட்டிவிட்டேன். மறுநாள் காலை அவர் கடை வாசலில் நின்றார். ஷூ வெளுத்திருந்தது, கணுக்கால் வரை சிவந்திருந்தது.

அருவிக்குப் போகும் வழியில் சாரல் பிடித்திருக்கிறது. பாதத்தில் வழிந்த சிவப்பைப் பார்த்து அவர் மனைவி, பாம்பு என்று கத்திவிட்டாள். யாரோ துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குத்தான் கால் மரத்துப்போயிற்று.

“டாக்டர் கடிவாயத் தேடித் தேடிப் பாத்துட்டு, என்னய்யா மைதா வாடை வருதுங்கறாரு.”

முத்திரை

வாசுதேவநல்லூரைச் சேர்ந்த ஹெட் கான்ஸ்டபிள் ஒருவருக்கு டவுசர் தைத்ததில் காக்கித் துண்டு மிஞ்சியது. அதை ஒரு பஸ் கண்டக்டரின் ஷூவில் ஒட்டினேன். துணி ஓரத்தில் சர்க்கார் முத்திரை இருந்ததைக் கவனிக்கவில்லை. அது கண்டக்டரின் இடது குதிகாலில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் நாள் ஹெட் கான்ஸ்டபிள், பஸ்ஸில் கண்டக்டரிடம் கழற்றி வாங்கிய அந்த ஷூவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தார். வெற்றிலை போட்டு முடித்தார். சர்க்கார் துணியைத் திருடியதற்கு எத்தனை மாதம் என்று நான் மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். அதில் தேய்ந்துபோன பொம்பளைச் செருப்பு.

“நம்ம வீட்டுக்காரிக்கும் இப்படிப் பண்ணும்வே. முத்திரை மட்டும் உள்பக்கமா இருக்கட்டும்.”

சந்தனப் பட்டு

அச்சன்புதூர் ஆச்சி நிலபுலம் உள்ளவள். மகளுக்கு ரவிக்கை தைக்கச் சந்தன நிறப் பட்டு கொடுத்தாள், பொட்டு ஜரிகை போட்டது. ஒரு சாண் மிஞ்சியது. அதே வாரம் ஒரு கம்பவுண்டர் வந்தார். மகளுக்கு சர்ச்சில் கல்யாணம், புது ஷூ வாங்க வழியில்லை என்றார். பட்டை ஒட்டிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் ஆச்சி கடைக்கு வந்தாள். கம்பவுண்டர் அழைத்து அவளும் போயிருந்திருக்கிறாள். மணப்பெண் முழங்காலிட்டபோது, சேலைக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்திருக்கின்றன. அது அம்மனுக்குச் சாத்திய சேலையைக் கோயிலில் வாங்கி வந்து வெட்டிய துணி என்றாள். மெஷின் மிதியிலிருந்து என் கால் நழுவியது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே கடை வாசலுக்கு வந்துவிடும். ஷூவைத் திருப்பி வாங்கிவிடுகிறேன் என்றேன். ஆச்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“கேக்காண்டாம். போன வீட்ல அந்தப் புள்ள வெறுங்காலோட நிக்கவா? நானும் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்தத அம்மனும் பாத்திருப்பால்லா.”

அன்றிலிருந்து விரலகலத் துண்டைக்கூட உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஊரில் இதற்கு யோக்கியம் என்று பெயர்.