மூன்றாவது கோப்பிக்கொட்டை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு. நான் எழுதுவது நடந்தது. கனவு இல்லை. அன்றைக்கு ஒரு சொட்டுச் சாராயம்கூடத் தொடவில்லை. காய்ச்சல் கிடையாது. மணியைக்கூடச் சரியாகச் சொல்லுவேன், ஏனென்றால் தோட்டத்தை விட்டு வரும்போது துரை கொடுத்த கடிகாரம் அன்று முழுவதும் என் கையில்தான் இருந்தது. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் "போய்யா" என்று எழுந்து போகிற ஆள் நான். இப்போது அப்படி எழுந்து போக முடிவதில்லை.

என் பெயர் இருளப்பன். கண்டிச் சீமையில் மடுல்கெல்லப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில், பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணியாக இருந்தேன். இராமநாதபுரம் சீமையில் ஆள் சேர்த்து, தோணியில் மன்னாருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று நடத்திக் கூட்டி வருவது என் வேலை. பத்தொன்பது தடவை நடந்திருக்கிறேன். என் பெண்சாதி ரத்தினம்மா அதில் ஏழு தடவை கூட நடந்தவள். பிறகு கோப்பி இலையில் மஞ்சள் நோய் விழுந்தது. மலை மலையாகச் செடி மொட்டையாகிப் போனது. வயதானவர்களை முதலில் அனுப்பினார்கள். நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், மாத்தளை ரோட்டோரம், ஒரு சின்ன வீடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. ராமேஸ்வரம் போக வேண்டும். அதுவும் சொகுசாக.

"இந்தத் தடவ ஒரு அடி நடக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்பாள். "கண்டியில ரயிலு. கொழும்புல கப்பலு. தீவுல எறங்கி ஒரு மாசம் கால நீட்டிக்கிட்டு கடலப் பாக்கணும். யாரோ ஆக்கிப் போட்டத திங்கணும்."

"மகாராணி கெட்டா போ," என்பேன் நான்.

ஒரு மாதமாக இதே பேச்சு. எந்தச் சேலை, எந்தப் போர்வை, கப்பலில் வாந்தி வந்தால் மெல்ல எலுமிச்சங்காய் எத்தனை. இருமல் அவள் நெஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இருமி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். எனக்குத் தெரியும், அவளுக்கு அதிக நாள் இல்லை. அவளுக்கும் தெரியும்.

சொகுசுக்காக மட்டும் அவள் கேட்கவில்லை. ஐப்பசி அமாவாசைக்கு அந்தத் தீவில் இருக்க வேண்டும். தன் தங்கச்சி வீரம்மாவுக்குக் கடற்கரையில் பிண்டம் போட வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன் எங்கள் கூட்டத்தோடு நடந்து வந்தவள் வீரம்மா. வயது பதினேழு. நாலந்தாவுக்கு மூன்று மைல் அப்பால் பேதியில் விழுந்தாள். செத்துப் போனாள், பாதையோரம் நானே குழி வெட்டிப் புதைத்தேன்.

ரத்தினம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

1878, ஐப்பசி இரண்டு, வியாழக்கிழமை. மறுநாள் பயணம். மத்தியானத்திலிருந்தே மழை.

மாலை ஆறு பத்துக்கு சாஹுல் ஹமீது நானா வந்தார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். பொதிமாடு ஓட்டி மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் உப்பும் கருவாடும் கொண்டுபோய் விற்பார். ரயிலடிக்கு எங்களுக்கு வண்டி பிடித்துத் தந்தவரும் அவர்தான். தாழ்வாரத்தில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டார்.

"கங்காணியார், காலையில அஞ்சு மணிக்கு வண்டி வரும். மூணு பேருக்கும் எடம் இரிக்கி."

"மூணு பேரா? நாங்க ரெண்டு பேர்தானே நானா."

"அப்ப அந்தப் புள்ள?" அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். "பாலத்தடியில இரிந்து எனக்குப் பின்னாலயே நடந்து வந்திச்சி. ஒங்கட வீடு எதுன்னு கேட்டிச்சி. சொந்தக்காரப் புள்ளன்னு நினைச்சேன்."

ரோட்டில் மழைதான் இருந்தது. எங்கேயாவது ஒதுங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆறே முக்காலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ரத்தினம்மா மூன்று தட்டு வைத்திருந்தாள். "கை தவறிப் போச்சு," என்று ஒன்றை எடுத்து வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஏழு மணிக்குத் தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் என் பழைய மஞ்சள் துணி கிடந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படும்போது ஆளுக்கு ஒரு கோப்பிக்கொட்டை துணியில் முடிவேன். ஒவ்வொரு தங்கலிலும் அவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகத் தொடுவேன். தொடத் தொட ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். வழியில் ஒருவர் செத்துவிட்டால், அவர் கொட்டையை முதுகுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எறிந்தால்தான் அவர் பயணம் முடியும். எறியாவிட்டால் அவர் இன்னும் கூட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

நடக்க முடியாமல் விழுகிறவர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டை தண்ணீர், ஒரு பிடி அரிசி. பக்கத்தில் வைத்துவிட்டு, "நாங்க முன்னால போறோம், நீ மெதுவா பின்னால வா," என்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டுப் போகிறோம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டோம். சொல்லிவிட்டு, நடந்து, கண் மறைந்ததும் கொட்டையை எறிந்துவிடுவோம்.

ரத்தினம்மா துணியைப் பார்த்துவிட்டாள். "கங்காணிக்குப் பழைய புத்தி போகல," என்றாள். "ரெண்டு கெழட்டு உசிருக்குக் கணக்கெடுக்கப் போறீகளோ?"

நானும் விளையாட்டாகத்தான் செய்தேன். தாழ்வாரத்துச் சாக்கிலிருந்து இரண்டு கொட்டை எடுத்துத் துணியில் போட்டு முடிந்தேன். பாய்மேல் உட்கார்ந்து, தங்கலில் செய்வதுபோல அவிழ்த்தேன்.

மூன்று கிடந்தது.

துணியின் ஒரு மூலையில் சின்ன முடிச்சு ஒன்று இருந்ததை மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளுகிறேன். அது தானாக அவிழ்ந்திருந்தது. பதினாறு வருடத்துக் கொட்டை கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். இது பச்சையாக இருந்தது... ஈரமாக இருந்தது.

அதை ஒளிப்பதற்குள் ரத்தினம்மா எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பிள்ளைபோல, "தொடுங்க, நான் பேர் சொல்றேன்," என்றாள்.

மணி ஏழு இருபது.

முதல் கொட்டையைத் தொட்டேன்.

"ரத்தினம்மா."

இரண்டாவது.

"இருளப்பன்," என்றேன்.

என் விரல் நின்றிருக்க வேண்டும். பத்தொன்பது பயணத்துப் பழக்கம். நிற்கவில்லை. மூன்றாவதைத் தொட்டுவிட்டது.

கதவுக்கு வெளியே...

"வீரம்மா."

மெல்லிய குரல். மூச்சு வாங்கிய குரல். வெகுதூரம் நடந்து வந்தவள் பேசுவதுபோல.

ரத்தினம்மா அசையவில்லை. நானும் அசையவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. பிறகு வாசல் கல்லில் ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... சிரட்டையைக் கல்லில் இழுக்கும் சத்தம்.

"அக்கா... தண்ணி."

ரத்தினம்மா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"தெறக்காத."

"அது வீரம்மா."

"தெறக்காத ரத்தினம். உன் காலப் புடிக்கிறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்னத்தைச் சொல்ல! முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். என் முகத்தில் அவள் படிக்காதது ஒன்றும் கிடையாது.

"பொதைச்சேன்னு சொன்னீகளே," என்றாள்.

அப்போதும் பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

சொன்னேன். ரத்தினம்மாவும் மற்றப் பெண்களும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர். அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. பேதி இன்னும் நாலு பேருக்குக் கண்டிருந்தது. நிற்காதே என்று பெரிய கங்காணி கத்தினார். வீரம்மாவுக்குக் கண் திறந்திருந்தது. நான் தண்ணீரும் அரிசியும் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, "வர்றேன் மச்சான்," என்றாள்.

அதற்குமேல் அந்தக் கொட்டையை எறிய எனக்குக் கை வரவில்லை. அது இரக்கம் என்று நினைத்தேன்.

ரத்தினம்மா அழவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் எல போட்டேன்," என்றாள். "அவ உசிரோட நடந்து வந்துக்கிட்டு இருந்தப்ப... செத்தவளுக்குன்னு எல போட்டேன்."

கையை உதறிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஏழு ஐம்பது.

யாரும் இல்லை.

வாசல் கல்லில் ஒரு சிரட்டை இருந்தது. அப்படிக் கொட்டுகிற மழையில்... காய்ந்து கிடந்தது. ஓரத்தில் மூன்று கோடு கீறியிருந்தது. என் கூட்டத்துச் சிரட்டைக்கு நான் போடும் அடையாளம்.

ரத்தினம்மா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அதை நிரப்பினாள். கல்லில் வைத்தாள். கதவைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே குடிக்கும் சத்தம் கேட்டது.

மடக்... மடக்...

நெடுநேரம்.

எட்டு ஐம்பதுக்கு விளக்கு அணைந்தது. எண்ணெய் இருந்தது. காற்று இல்லை.

"ரத்தினம்."

"ம்."

எழுந்து போய் விளக்கேற்ற எனக்குத் தைரியம் இல்லை. பாயில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டேன்.

"ம்."

கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

அவள் இருமவில்லை.

அது எனக்கு உறைத்தபோது மழை விட்டிருந்தது. மாதக்கணக்காக ராத்திரி முழுவதும் இருமுகிறவள்... ஒரு தடவைகூட இருமவில்லை.

"ரத்தினம்?"

"ம்."

தீக்குச்சி கிழித்தேன்.

நாலு பத்து.

கதவடியில் யாரும் இல்லை.

குறுக்குக் கட்டை போட்டபடி இருந்தது. பாய்மேல் மஞ்சள் துணி விரிந்து கிடந்தது.

அதில் ஒரே ஒரு கொட்டை.

ஐந்து மணிக்கு வந்த வண்டிக்காரன்தான் ஊரைக் கூட்டினான். ஆற்றைத் தேடினார்கள், தோட்டங்களைத் தேடினார்கள். சிலர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அதிலும் தப்பில்லை. ரத்தினம்மா மடித்து வைத்த சேலைகளும் எலுமிச்சங்காய்களும் பெட்டியில் அப்படியே இருந்தன. அமாவாசை வந்தது, போனது. நான் தீவுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

பதினாறு நாள் கழித்து சாஹுல் ஹமீது நானா தம்புள்ளையிலிருந்து திரும்பினார். மாட்டைக்கூட அவிழ்க்காமல் நேரே என்னிடம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நாலந்தாவில் வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அவரிடம் சொன்னாராம். வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் கண்டிப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் நடந்து வந்தார்களாம். ஒருத்தி வயதானவள், ஒருத்தி சின்னப் பெண். சின்னவள் கையில் சிரட்டை. கிழவி திண்ணென்று நடந்து வந்து அம்பலத்துப் பக்கத்து மருத மரத்தடியில் உட்கார்ந்தாளாம். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே செத்துவிட்டாளாம். சின்னவள் எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து நாலந்தா இருபத்தெட்டு மைல். அவளுக்கு வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே மூச்சு வாங்கும்.

"இன்னம் இரிக்கி கங்காணியார்," என்றார் நானா. மரத்தடியிலேயே அவளுக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள். இரண்டு முழம் தோண்டியதும் எலும்பு தட்டுப்பட்டிருக்கிறது. பழைய எலும்பு, சின்ன உடம்பு. என்றைக்கோ வழிப்போக்கர் யாரோ புதைத்திருக்க வேண்டும். கையடியில் ஒரு சிரட்டை. மூன்று கோடு கீறிய சிரட்டை.

நான் வீரம்மாவை விட்ட இடம் அந்த மரத்துக்கு மூன்று மைல் அப்பால். தம்புள்ளைப் பக்கம்.

சொன்னபடி அவள் எங்கள் பின்னால் வந்திருக்கிறாள். மூன்று மைல். அவளை விட்டு வந்த ராத்திரி நாங்கள் அந்த அம்பலத்தில்தான் தங்கினோம். விடியுமுன் புறப்பட்டுவிட்டோம்.

நானா போகத் திரும்பியவர் வாசலில் தயங்கி நின்றார். கிழவி சாகுமுன் அம்பலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாளாம். அதைச் சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

"'எங்க கங்காணி வருவாரு. நாங்க முன்னால போறோம்னு சொல்லுங்க. மெதுவா பின்னால வரட்டும்.'"

இது நடந்து இன்றைக்குச் சரியாக ஒரு மாதம். அந்த ஒற்றைக் கொட்டையை நான் துணியிலேயே முடிந்து வைத்திருக்கிறேன். எனக்காக அதை எறிய யாரும் மிஞ்சவில்லை.

நேற்று மாலை ஆறு பத்துக்குக் கதவைத் திறந்தேன். வாசல் கல்லில் சிரட்டை இருந்தது. நிறையத் தண்ணீர். பக்கத்தில் ஒரு பிடி அரிசி.