எண்ணக்காவின் கண்

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் எண்ணக்கா ஆட்காட்டி விரலை மட்டும் தூக்குவார். துறைத் தலைவரானாலும் சரி, தீயணைப்பு மணியானாலும் சரி, அந்த ஒரு விரல்தான். விரலை மதிக்காமல் பேசினால் மேசையில் பட்டென்று ஓர் அடி விழும். "போச்சு! எழுபத்து மூணுல இருந்தேன். மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்."

புற்றுநோய் உயிரியல் துறையில் ஒவ்வொரு விஞ்ஞானியின் கதவிலும் பெயரும் அதன் கீழ் அவரது ஆய்வு ஆர்வமும் மூன்று வரிக்கு ஓடும். எண்ணக்காவின் கதவில் அறை எண் மட்டுமே. எதிர் அறைக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் கேட்டேன், "உங்க ஆர்வம் என்னக்கா?"

"எண்ணுறது" என்றார்.

அதுதான் இருபத்திரண்டு வருட வேலை, எண்ணக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். எலியின் கட்டியை முடியைவிட மெல்லிய சீவல்களாக்கி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பார்கள். பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். சும்மா கிடப்பது நீலமாகத் தெரியும். நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று எண்ணிச் சொல்லவேண்டும். கணினி எண்ணாதா என்று கேட்பவர்களிடம், "எண்ணுமே. தூசியையும் சேர்த்து எண்ணும்" என்பார்.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எது மருந்து கொடுத்த எலி, எது கொடுக்காத எலி என்று யாரும் வாய்திறக்கக் கூடாது. "சொல்லிட்டீங்கன்னா கண்ணுக்குக் கை முளைச்சிடும். வேணுங்கறதை எடுத்துக்கும்."

புது மருந்துச் சோதனையின் நூற்றெண்பது கண்ணாடிகள் வந்த வாரம். எண்ணக்காவின் தங்கைக்கும் அந்த மருந்து குறிவைத்த அதே வகைப் புற்றுநோய். பக்கத்துக் கட்டடத்தில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி எண்ணக்கா பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். துறைத் தலைவர் உற்சாகத்தில் அறைக்குள் தலையை நீட்டி, "மஞ்சள் மூடிப் பெட்டியில எல்லாம் பழுப்பு அடங்கியிருக்கணுமே! அதுதான் மருந்து கொடுத்த எலி" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

எண்ணக்கா அடுத்த கண்ணாடியை எடுத்து வைத்தார். கேட்டதை மறந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு நாள் எண்ணவும் செய்தார். மூன்றாம் நாள் காலை, எண்ணி முடித்த சிலவற்றை எடுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார். நேராகத் தலைவர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், என் கண்ணு பொய் சொல்லுது."

பழுப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் சில உட்கருக்கள் வெளிறிக் கிடக்கும். மஞ்சள் மூடிப் பெட்டியில் அவற்றை விட்டுவிட்டு, மற்றதில் பழுப்பாக எண்ணியிருக்கிறார், தெரிந்து செய்ததல்ல.

"ஒரு கண்ணாடிக்கு அஞ்சாறு இருக்குமா? போகட்டும்மா. வெள்ளிக்கிழமை மாநாட்டுக்கு அனுப்பியாகணும்."

"அஞ்சாறும் ஒரே பக்கமா விழுது சார். தராசுத் தட்டுல விரலை வச்ச மாதிரி."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "மாநாட்டுல சொல்லிட்டா, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சீக்கிரம் அனுமதி கேட்கலாம். உங்க தங்கச்சி மாதிரி ஆளுங்களுக்குத்தானே இதெல்லாம்?"

எண்ணக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "இந்த மருந்து பலிக்கணும்னு என்னைவிட ஆசைப்படறவங்க இந்தக் கட்டடத்துல யாரும் இல்ல சார். அந்த ஆசை எண்ணின கணக்கை நம்பி அவ உடம்புல ஊசி ஏத்தச் சொல்றீங்களா?"

தலைவர் தொலைபேசியை எடுத்து, இந்த ஆண்டு மாநாட்டுக்கு எங்கள் கட்டுரை வராது என்று சொன்னார்.

நூற்றெண்பதையும் கலைத்துப் போட்டுப் புது எண் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. எந்த எண் எந்த எலி என்ற பட்டியலை உறையில் போட்டு அரக்கு வைத்தோம். அன்றிலிருந்து மூன்று வாரம் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. "உங்க மூஞ்சி இருக்கே, அது ஊருக்கே தண்டோரா போட்டுடும்." நான் பின்படிக்கட்டில் போய்வந்தேன். ஒரு மணி நேரம் எண்ணுவார், கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், மறுபடி ஒன்றிலிருந்து. எட்டிப் பார்த்தவர்கள் சொன்னது இது.

உறையைப் பிரித்த அன்று துறையே கூடியிருந்தது. முன்பு பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்த பழுப்பு, இப்போது நாலில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. தலைவர் முகம் தொங்கிப்போனது.

"குறைஞ்சுபோச்சே, எண்ணக்கா."

"குறைச்சல்தான் சார். ஆனா இருக்கு. இனிமே எவன் எண்ணினாலும் இருக்கும்."

மாலையில் அவரோடு கீழே இறங்கினேன். வாசல்படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள், முடி உதிர்ந்த தலையில் துணி கட்டி, மருந்துச்சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு. இந்த மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனை காலமோ. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்னக்கா, ஏதாவது தேறுச்சா, இல்ல எலிக்கும் அல்வாவா?"

எண்ணக்கா இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். 'நாலில் ஒன்று' என்று பேனாவால் எழுதி, வியர்வையில் பாதி கலைந்திருந்தது. தங்கை அதைப் படித்தாள். பிறகு அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையை மூடினாள்.