வைத்தீஸ்வரன் சொல்லாமல் விட்ட வழக்கு

அபிதகுஜாம்பாள் காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர். தனி ஆள். முடிச்சூரில் வைத்தீஸ்வரன் என்பவரிடம் வீடு வாங்கிக் குடிபுகுந்த நான்காம் நாள், பக்கத்து வீட்டு ஏகநாதன் வாசலில் வந்து நின்றாராம்.

"இன்னாம்மா, கேஸ் கீற வூட்டை வாங்கிகினு வந்துகீறியே, அவன் சொல்லலியா? உன் காம்பவுண்டு செவுரு என் வழியில மூணு அடி நிக்குது. ஆறு வருஷமா கோர்ட்டுக்கு நடந்துகினு கீறேன்."

கிரயப் பத்திரத்தில் 'எந்த வழக்கும் இல்லை' என்று எழுதியிருந்தது. வில்லங்கச் சான்றிலும் ஒன்றுமில்லை. தாம்பரத்தில் வக்கீலாக இருக்கும் என்னிடம் வந்தார் அபிதகுஜாம்பாள்.

"இதையெல்லாம் மறைக்கிறது சட்டப்படி மோசடி. கிரயத்தை ரத்து பண்ணக் கேட்கலாம். இல்லேன்னா வீட்டை வச்சுக்கிட்டே நஷ்டஈடு கேட்கலாம். ஆனா வைத்தீஸ்வரன், 'வாய்வார்த்தையா சொன்னேனே'ன்னு சாதிப்பார். அந்த வழக்கு முடியுற வரைக்கும் ஏகநாதன் கேஸ்ல நீங்களும் சேர்ந்து சுவரைக் காப்பாத்தணும்" என்றேன்.

"சுவர் எந்த இடத்துல நிக்குதுன்னு முதல்ல பார்த்துடலாம் மேடம்."

சர்வேயரை வரவழைத்து, என்னையும் ஏகநாதனையும் பக்கத்தில் நிற்க வைத்து அளக்கச் செய்தார். எல்லை, சுவருக்கு மூன்றடி உள்ளே விழுந்தது.

"உங்க இடம்தான் அண்ணா. கோர்ட்டுலயும் நானே சொல்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்ததை இப்படியா தூக்கிக் கொடுப்பார்கள்?

ஏகநாதன் கைப்பேசியை எடுத்து, ஒரு குரல் பதிவை ஓடவிட்டார். வைத்தீஸ்வரனின் குரல். "நாளைக்கு ஒரு அம்மா வீடு பார்க்க வர்றாங்க. கேஸ் பத்தி வாயைத் திறக்காதீங்க. வித்து முடிஞ்சதும் சுவரை இடிச்சுத் தர்றேன்."

"நானும் நம்பி வாயை மூடிகினு இருந்துட்டேம்மா. என் மேலயும் தப்பு கீது. எங்க வேணா வந்து சொல்றேன்."

எதிர்த்து நிற்க வேண்டியவரே சாட்சியானதை என் இருபது வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

வைத்தீஸ்வரன் மீது வழக்குப் போட்டோம். சமரச மையத்தில் தன் குரலைக் கேட்டதும் அவர் தண்ணீர் கேட்டார். தன் செலவில் சுவரைச் சரியான எல்லையில் கட்டித் தரவும், குறைந்த இடத்துக்கு ஈடு கொடுக்கவும் கையெழுத்திட்டார். ஏகநாதனின் வழக்கும் அதோடு முடிந்தது.

சுவரை இடித்த அன்று, எனக்கு அங்கே வேலை இல்லாவிட்டாலும் பார்க்கப் போனேன். அபிதகுஜாம்பாள் இல்லை. மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு என்று கல்லூரிக்குப் போய்விட்டாராம். வேலையாட்களுக்குத் தண்ணீர் எடுக்க ஏகநாதன்தான் அவர் வீட்டைத் திறந்துவிட்டார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் அந்த அம்மா.