ஐந்து நிமிடம் என்று எழுதச் சொன்னேன்

மருத்துவ உடலியங்கியல் இளங்கலை முதலாண்டில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. முழங்கால் உயரம் இருக்கும். தாளக்கருவி டிக் டிக்கென்று அடிக்க, அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஐந்து நிமிடம் அதில் ஏறி இறங்க வேண்டும். நிறுத்தியதும் கூட இருப்பவர் நாடித்துடிப்பை எண்ணுவார். துடிப்பு சீக்கிரம் தணிந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று கணக்கு. என் நோயின் முதல் அறிகுறியை நான் அந்தப் பெட்டியின் மேல்தான் பார்த்தேன். பார்த்த உடனே மறைத்தும்விட்டேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது, ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஆசிரியர் அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டு, "சத்யா மலையேறியே வளர்ந்த பொண்ணு. இவ நாடி எப்படி எறங்குதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்; மற்றவர்களும் அவரவர் மேசைக்குத் திரும்பினார்கள். நானும் பெரிய வீராங்கனை மாதிரி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

ஒன்றரை நிமிடத்தில் மூச்சு முட்டியது. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நின்றேன். என் கூட்டாளி ஃபர்ஹானா, வாணியம்பாடிக்காரி, கையில் கடிகாரத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? நிறுத்திடு."

"நிறுத்திட்டேன். ஆனா அஞ்சு நிமிஷம்னு எழுது."

"பொய்யா எழுதச் சொல்றியா?"

"மானம் போவுதுடி. எழுது."

எழுதினாள். நாடி எண்ணிக்கையைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து, இன்னும் கொஞ்சம் அழகாக்கி நானே சொன்னேன். வகுப்பிலேயே முதல் இடம் எனக்கு. ஆசிரியர் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.

இந்தப் படிப்பைப் பற்றி வெளியில் நிறையப் பேருக்குத் தெரியாது. டாக்டர் படிப்பு இல்லை. நல்ல உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கிறோம். "நல்லா இருக்கிற ஒடம்ப எதுக்குடி படிக்கணும்?" என்று அம்மா கேட்டாள். எங்களுக்கு நாங்களே சோதனைப் பொருள். ஒருவர் விரலை ஒருவர் குத்துவோம், ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்போம். வந்த எண் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் நாம்தான் தவறாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துத் திருத்திக்கொள்வோம். சோதனை செய்யப்படும் உடம்பிலேயே கோளாறு இருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஸ்டெதஸ்கோப் வகுப்பிலும் இதுவேதான் நடந்தது. ஃபர்ஹானா என் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "லப் டப் கேக்குது. ஆனா டப்புக்கு அப்புறம் என்னமோ உருள்ற மாதிரி இருக்குது" என்றாள். குழாய் துணியில் உரசுகிறது என்றேன். இரண்டு பேரும் "இயல்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏற்றமாக அரைமணி நேரம் நடக்க வேண்டும். நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் குழாயடியிலிருந்து குடம் தூக்கி வரும்போது இருமல் வந்தது. துப்பினேன். நுரையில் செந்நிறம் இருந்தது. அம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஜீப் பிடிக்க ஓடினாள். அமிர்திக் காடு வழியாக இறங்கி, கணியம்பாடி தாண்டி வேலூர் போய்ச் சேரும்வரை ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டே போனேன். சாய்ந்தால் மூச்சு வரவில்லை.

எக்கோ (ஒலியலை கொண்டு இதயத்தைத் திரையில் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்றார் மருத்துவர் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு ஒட்டிச் சுருங்கிப்போவது). கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. பெட்டி ஏறினால் மூச்சு வாங்குவது அதனால்தான். ஃபர்ஹானாவின் காதில் உருண்டதும் அதுதான். தேர்வுக்கு இந்தப் பகுதியை நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் மருத்துவர் என்னிடம் கேட்டார்: "சின்ன வயசுல மூட்டு வீங்கி, காய்ச்சல்னு படுத்தது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நாலாவது படிக்கும்போது. முதலில் தொண்டை வலி. பிறகு முழங்கால், அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கை. ஒன்று வடிந்தால் இன்னொன்று வீங்கும். வளர்கிற பெண்ணுக்குக் கால் வலி வரத்தான் செய்யும் என்றார்கள். அம்மா ஒரு மாதம் இலை அரைத்து வைத்துக் கட்டினாள். தானாகச் சரியாகிவிட்டது.

"அது ருமாட்டிக் ஜுரம்" என்றார் (தொண்டைக் கிருமியோடு போராடும் உடம்பு, தன் மூட்டையும் இதய வால்வையுமே எதிரியாக நினைத்துத் தாக்கும் காய்ச்சல்). "அப்பவே கண்டுபிடிச்சு ஊசி ஆரம்பிச்சிருந்தா, பெரும்பாலும் இவ்ளோ தூரம் வந்திருக்காது."

அம்மா வெந்நீரோடு வந்தாள். நான் அவளிடம் வால்வு சுருங்கிவிட்டது என்பதை மட்டும் சொன்னேன்.

அறுவை இல்லாமல் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பி இதயம்வரை போனது. மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக மட்டும் ஊசி. பக்கத்துத் திரையில் என் இடது மேலறையின் அழுத்தம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டிய அளவு எனக்குத் தெரியும், அதனால் பயம் இரட்டிப்பானது. பலூன் ஊதிச் சுருங்கியது. எண் இறங்கியது. யாரும் திருத்தாமல் என் கண்ணெதிரே அதுவாகவே இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்று சொன்னேன்.

அன்று மாலை ஒரே தலையணையில் மல்லாந்து படுத்து, நெஞ்சு நிறையக் கொட்டாவி விட்டேன். இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கொட்டாவி அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் வால்வு புதிதாகிவிடவில்லை. மறுபடி சுருங்கலாம். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. படிக்கலாம், மெதுவாக மலையும் ஏறலாம் என்றார் மருத்துவர்.

படிக்கக் கூடாது என்றாள் அம்மா.

"இஸ்கூல் போற வரிக்கும் மலை ஏறி எறங்கினு நல்லாத்தான் இருந்த. காலேஜி போன ஆறே மாசத்துல நெஞ்சு கெட்டுப் போச்சு. அந்த ஊரு காத்தும் தண்ணியும் ஒத்துக்கல. படிச்சது போதும், வூட்லயே இரு." குடகில் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்த அப்பாவிடமும் போனில் சொல்லி முடித்துவிட்டாள். கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் வருகைப்பதிவு போதாமல் அந்த ஆண்டே போய்விடும்.

நோய் மலைக்குக் கீழே, கல்லூரி ஊரில் பிடித்தது இல்லை என்று ஒரே வரியில் என்னால் நிரூபிக்க முடியும். ஆனால் அந்த வரியின் மறுமுனையில், இலை அரைத்துக் கட்டிய அம்மா இருந்தாள். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான் கோழைதான். பெட்டியின் மேல் நின்றவளும் இதே கோழைதான், அதன் விலையை நுரையீரல் கட்டியது. நான்காம் நாள் அம்மா வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"எம்மா, இது கீழ புடிச்ச நோவு இல்ல."

"பின்ன?"

"நாலாவது படிக்கும்போது முட்டி வீங்கிப் படுத்துனு இருந்தேனே. அப்பவே உள்ள ஆரம்பிச்சிடுச்சி."

அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். "அப்பவே கீழ இட்டுனு போயிருந்தா?"

"பெரும்பாலும் இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா."

ஒரு பேருந்துதான் அப்போது வந்துபோனது, அப்பாவும் ஊரில் இல்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் சொல்லியிருக்கவே கூடாது என்று நினைத்தேன். மறுநாள் காலை என் பையை மடித்துக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "திங்கக்கெழமைன்னு சொன்னியே. கெளம்பு" என்றாள்.

கல்லூரியில் முதல் வேலையாக ஆசிரியரிடம் போய் அந்தப் பெட்டிக் கணக்கைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வினோதமான எண் வந்தால் அதை அடித்துத் திருத்தக் கூடாது, தன்னைக் கூப்பிட வேண்டும் என்று வகுப்புக்குச் சொன்னார்.

இப்போது என் நாட்காட்டியில் மாதம் என்று எதுவும் இல்லை. ஊசி போட்ட நாள், இடுப்பு வலிக்கும் இரண்டு நாள், மறந்துபோகும் இரண்டரை வாரம், மறுபடி ஊசி. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் நின்றுவிடுகிறேன். பின்னால் வருபவர்கள் சுற்றிக்கொண்டு போகட்டும். உங்களுக்கும் சொல்கிறேன், நின்றுவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை, இரண்டு வகுப்புக்கு நடுவே அம்மா அழைத்தாள்.

"சத்யா, கணியம்பாடி ஆஸ்பத்திரில நிக்கிறேன். மேல்வூட்டு கோமதி பொண்ணு இருக்குதில்ல, எட்டு வயசு, அதுக்கு நேத்து முட்டி வீங்குச்சி, இன்னிக்கு முழங்கை. கோமதி எலைய வெச்சிக் கட்டினு இருந்தா. அவங்க ரெண்டு பேரையும் மொத பஸ்லயே இட்டுனு வந்துட்டேன். டாக்டரம்மா எதிர்லயே இருக்காங்க. இன்னா சொல்லணும்? நீ சொல்லு, அப்டியே சொல்றேன்."

தொண்டை வலி எப்போது வந்தது என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். வலி மூட்டுக்கு மூட்டு தாவுகிறது என்று சொல்லச் சொன்னேன். நெஞ்சைக் கேட்டுப் பார்க்கச் சொல் என்றேன். ஒவ்வொன்றையும் அம்மா சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில் நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சொன்னாள்.

"எம் பொண்ணுக்கும் இப்டித்தான் வந்துச்சிங்க. நான்தான் தெரியாம வூட்லயே வெச்சினு இருந்துட்டேன்."

பத்து வருடத்துக்கு முன் நான் பாயில் சுருண்டு கிடந்த ஒரு காலையில் யாரோ வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்ததுபோல இருந்தது. "மூச்ச இழுத்து விடு கண்ணு" என்று மருத்துவரின் குரல் கேட்டது. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நான் வராந்தாவிலேயே போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவர் அந்தப் பிள்ளையின் நெஞ்சைக் கேட்டு முடிக்கும்வரை அம்மாவும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.