காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் சிறுகீரை

போன மாதம் ஒரு காலை. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பழக்கம் இல்லைதான். அதுவும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு!

எல்லாம் சிறுகீரையால் வந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் உண்டு. கீரைக்கு அது போதாதா? கொத்தி, தொழு உரம் போட்டு, விதை தூவினேன். ஒன்றிரண்டு தலை நீட்டியதோடு சரி. "விதை பழசு" என்றார் என் கணவர். அவருக்குத் தோட்டம் என்றால் நாற்காலி போட்டு உட்காருகிற இடம். வேறு கடையில் விதை வாங்கி மறுபடியும் தூவினேன்.

இந்த முறை உள்ளே போகவில்லை. காபி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மண் நகர்ந்தது... மண் இல்லை, விதை! கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக மினுங்குமே, அந்த விதை. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு எறும்புகள் வரிசையாகப் போகின்றன. சுவருக்கு அடியில் ஒரு விரிசல். அதற்குள் நுழைந்து மறைந்தன.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தேகம். இவ்வளவு கீரை விதையை வைத்துக்கொண்டு எறும்பு என்ன செய்யும்? தின்னுமா? சேர்த்து வைக்குமா? அந்தப் பக்கம் எங்கேதான் போகிறது?

அதற்குத்தான் ஸ்டூல்.

"என்ன வேணுமுங்க?"

கீழே சுமதி. கையில் ஈரத் துணி வாளி. மோகனூர்ப் பெண், கணவருக்கு ஜவுளி வியாபாரம். முன்பெல்லாம் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். போன கோடையில் அவர்கள் மாட்டிய ஏசி, அனல் காற்றை நேராக எங்கள் சமையலறை ஜன்னலுக்குள் ஊதியது. தள்ளி மாட்டச் சொன்னோம். "எங்க செவுரு, எங்க மிஷினு" என்றார் அவள் கணவர். என் கணவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெருவில் எதிரே பார்த்தால், நானும் அவளும் செல்போனைப் பார்ப்போம்.

"ஒண்ணுமில்ல சுமதி... எறும்பைப் பார்க்கிறேன்."

சொன்ன எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

"ஏசியத்தானுங்க பாக்கறீங்க? அவரு ஊட்ல இல்லீங்க. வந்தா அவருகிட்டயே பேசிக்கோங்க."

"சத்தியமா எறும்புதான். அங்கே சுவரோரமா குனிஞ்சு பாரேன்."

நம்பாமல்தான் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"ஏனுங்க்கா... ஆளுக்கொண்ணு தூக்கிட்டு வருதுங்க! என்னங்க இது, கடுகா?"

"சிறுகீரை விதை. எங்கே போகுதுன்னு பாரு!"

"தண்ணித் தொட்டியச் சுத்திப் போகுதுங்க... இருங்க, இருங்க..."

தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தாள்.

"சுமதி?"

"அக்கா, நீங்களே இங்க வாங்களேன்."

ஒரு வருஷம் கழித்து அந்த கேட்டைத் திறந்தேன். செருப்பை எங்கே விடுவது என்றுகூடத் தயக்கம். தொட்டிக்குப் பின்னால், தண்ணீர் கசியும் மண்ணில், எறும்பு வளையைச் சுற்றிலும் இளம்பச்சைக் கூட்டம். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, சிறுகீரை. நான் முதலில் தூவியது!

"களைன்னு நெனச்சேனுங்க்கா. ஞாயித்துக்கெழம மருந்தடிச்சுப் போடறேன்னு அவரு சொல்லிட்டிருக்காரு."

இரண்டு பேரும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டோம். உள்ளே போன விதைகளில் சிலவற்றை எறும்புகள் மறுபடி வெளியே கொண்டுவந்து போட்டன. ஏன்? சொத்தையா? இல்லை, வீட்டில் இடமில்லையா? சுமதி செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். விளங்கவில்லை.

"ரவையப் போட்டா எதைத் தூக்கும்?" என்று திடீரென்று எழுந்து ஓடினாள். ஒரு கை ரவை வந்தது. எறும்புகள் விதையை அப்படியே போட்டுவிட்டு ரவைக்குத் திரும்பின. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். என் சிரிப்பு நின்றுபோனது.

"என்ன தேடறீங்க?"

"கீரைங்க. அக்கா ஊட்டுக் கீரை. எறும்பு கொண்டாந்து போட்டிருக்குதுங்க. மருந்து கிருந்து அடிச்சுப் போடாதீங்க" என்றாள் சுமதி.

அவர் என்னைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். பிறகு பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

"எறும்பா? செவுத்தத் தாண்டியா?"

"அடியில ஓட்டை இருக்குங்க" என்றேன்.

ஏசி பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மூன்றாம் முறை, ஓரத்தில் ரவையைத் தூவிவிட்டு, விதையை மணலோடு கலந்து போட்டு, ஈரச் சாக்கால் மூடினேன். முளைத்துவிட்டது. ஆனால் முதலில் அறுவடைக்கு வந்தது அவர்கள் வீட்டுக் கீரைதான். தட்டு நிறையப் பறித்து, சுவருக்கு மேலே நீட்டினாள் சுமதி.

"வெத உங்களுது, தண்ணி எங்களுதுங்க்கா. பாதிப் பாதி!"

அன்று இரண்டு வீட்டிலும் கீரைக் கடையல்.

அந்த எறும்புகள் விதையை ஏன் வெளியே போட்டன என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் தெரியும் — எங்கள் வீட்டில் இப்போது எறும்புப் பொடி வாங்குவதில்லை. தூதுவர்களைக் கொல்லலாமா?