கோட்டை வாசலில் குதிரைத் தைலம்

ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு வந்து சேர்ந்த தமிழருக்குள் சிவகுருநாதனைப் போல் நிமிர்ந்தவர் எத்தனை பேர்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவிய மனிசன். ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கி, தொண்ணூற்றி நாலாம் ஆண்டு அதே ஹோட்டலின் குசினிக்குப் பெரியவராக நின்றார். வெள்ளைக்காரர் அவரைக் கேட்டுத்தான் சூப்புக்கு உப்புப் போடுவார்கள். ஒருவரும் தூக்கிவிடவில்லை, தானாக எழும்பினவர். அதை அவர் மறந்ததுமில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தபால்பெட்டிக்குள் கிடந்த சுற்றுலா விளம்பரத் தாளில் ஒரு படம் பார்த்தார். மஞ்சள் கோட்டை, முன்னால் ஒட்டகம், மேலே பெரிய எழுத்தில் 'இந்தியா'.

மனைவி ஞானமலர் தன் தாயைக் கண்டு ஒன்பது வருடமாகிவிட்டது. தாய் கமலநாயகி யாழ்ப்பாணத்துச் சண்டைக்குப் பயந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்த் திருச்சியில் ஒரு அறை எடுத்து இருந்தார். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பாஸ்போட் அந்த வருடம்தான் இவர்கள் கைக்கு வந்தது. பிறந்த நாட்டைத் தவிர எங்கும் போகலாம். சிவகுருநாதன் யாரையும் விசாரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இரண்டு பேருக்கும் காசைக் கட்டிவிட்டு வந்து, "மலர், அம்மாவைப் பாக்கப் போறம்" என்றார்.

ஞானமலர் அன்றைக்கே ஓடிப்போய்த் தாயின் முழங்காலுக்குக் குதிரைத் தைலம் வாங்கினாள். குதிரைக்குப் பூசத் தொடங்கிப் பிறகு ஜெர்மன்காரர் தங்களுக்கும் பூசிக்கொண்ட பச்சைத் தைலம். பெரிய பெரிய டப்பாக்களாக வாங்கிப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

கூட வேலைசெய்த மன்னார்க்காரர் றெக்ஸ்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, இது ராஜஸ்தான். பாலைவனம். திருச்சி எங்கை, இது எங்கை? இஞ்சையிருந்து றோமுக்குப் போறதிலும் தூரம்."

"இந்தியாவுக்குள்ளைதானே கிடக்கு?"

"இந்தியாவுக்குள்ளைதான். நீங்கள் என்ன, யாழ்ப்பாணத்திலை இறங்கிச் சாவகச்சேரிக்கு பஸ் எடுக்கிற மாதிரி நினைச்சியளோ?"

அப்படித்தான் நினைத்திருந்தார். அது மட்டுமில்லை, கிடைத்தது குழுவுக்கான வீசா. ஜெர்மன்காரர் குழுவோடு போய் அவர்களோடே திரும்ப வேண்டும், விலகிப் போக ஏலாது. கட்டிய காசும் திரும்பாது.

ஞானமலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் திருப்பிக் கத்தியிருப்பார். அவள் பெட்டியிலிருந்த தைல டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அந்தச் சத்தம் அவர் நெஞ்சுக்குள் விழுந்தது.

அடுத்தநாள் திருச்சிக்கு டெலிபோன் எடுத்தார்.

"மாமி, நாங்கள் அங்கை வர ஏலாது. நீங்கள் வாங்கோ. ஜோத்பூர் எண்டு ஒரு இடம். ரயிலிலை மூண்டு நாள்."

மாமி கேட்டது ஒன்றுதான்.

"அங்கை சோறு கிடைக்குமே தம்பி?"

"ரொட்டிதான் மாமி."

"அப்ப நான் அரிசி கொண்டு வாறன்."

அவர் டெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது டப்பாக்கள் மறுபடி பெட்டிக்குள் இருந்தன.

ஜோத்பூர்க் கோட்டை மலையைச் செதுக்கி எடுத்தது போல் நின்றது. ஒரு சொந்தக்காரர் கூட்டிவந்து விட்டுப்போக, அதன் வாசல் படியில் கமலநாயகி குந்தியிருந்தார், மடியில் சாப்பாட்டுக் கரியர். முழங்கால் ஏற விடவில்லை. மகளைக் கண்டதும் எழும்பவும் முடியவில்லை. ஞானமலர் அப்படியே படியில் விழுந்து மடியைக் கட்டிக்கொண்டாள்.

ஜெர்மன் கதைக்கும் வழிகாட்டி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். "இரண்டு மணித்தியாலம். பிறகு பஸ் பாலைவனத்துக்கு."

ஒன்பது வருடத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்க ஏலுமோ? சிவகுருநாதன் பெண்கள் இருவரையும் வாசலில் விட்டுவிட்டுக் குழுவோடு மேலே ஏறினார். ஏறினவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். இந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்? இந்தக் கதவுக்கு ஏன் முள்? ராசா காலையில் என்ன சாப்பிட்டார்? உப்பு எங்கேயிருந்து வந்தது? குசினி எந்தப் பக்கம்? வழிகாட்டி வியர்த்துப்போனார்.

மேல் மதிலோரம் குழுவில் வந்த பிறாவ் வேபர், அதாவது திருமதி வேபர், அவரைப் பிடித்துக்கொண்டார். பொக்கும் நகரத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்த அம்மா. "சிவா, பஸ்ஸுக்கு நேரமாகிறது. என்ன செய்கிறீர்கள்?"

அவர் கீழே கையைக் காட்டினார். பிறாவ் வேபர் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கீழே வாசல் படியில் மகள் தாயின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாய் சோற்றைக் குழைத்து மகளின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பிறாவ் வேபர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பக்கத்தில் நின்ற, சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்ந்த கிழவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது.

பிறாவ் வேபர் கையை உயர்த்தினார். "எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது."

சுரங்கக் கிழவருக்குக் கதவு முள்ளின் கதை முதலிலிருந்து மறுபடி வேண்டுமாம். பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முந்தியே வந்து நிற்கிற சனம், அன்றைக்கு ஒருவர் மாறி ஒருவர் கேட்டது. இறங்கி வரும்போது பின்னேரமாகிவிட்டது.

கரியரின் அடித்தட்டில் மருமகனுக்கு ஒரு பங்கு இருந்தது. "என்ன தம்பி, இவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?"

"பெரிய கோட்டை மாமி. சும்மா ஓடிவர ஏலுமோ?"

எல்லாவற்றுக்கும் பெருமையடிக்கிற மனிசன் இதை மட்டும் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பி, பனி கரைந்த பிறகு பிறாவ் வேபர் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சுவரில் துணி கட்டிப் படம் காட்டினார். அரண்மனை, கண்ணாடி மண்டபம், பல்லக்கு. பிறகு உயரத்திலிருந்து எடுத்த வாசல். அதில் இரண்டு சின்னப் புள்ளிகள். "இது நீங்களும் அம்மாவும்" என்று ஞானமலரிடம் சொன்னார். மேலே நடந்ததையும் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் ஞானமலர் கேட்டாள்.

"அந்தக் கோட்டைக்குள்ளை என்னப்பா இருந்தது?"

"பெரிய பீரங்கி..." என்று தொடங்கினவர் நிறுத்திக்கொண்டார். "தெரியாது மலர். நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."