நாற்பது பூநாரைகள்

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி, மணமேல்குடி வழியாக மீமிசல் போகும் தடத்தில்தான் அவருடைய வேலைக்காலத்தில் பாதி கழிந்தது. ஒரு பக்கம் கடலும் சேறும், மறுபக்கம் கருவேலங்காடு. மார்கழி, தை வந்துவிட்டால் அந்தச் சேற்றில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கியிருக்கும். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே ஓட்டிப் போவாராம். "அம்பது டிக்கெட்ட வச்சுக்கிட்டு நாரை பாக்க வண்டிய நிறுத்தினா சும்மா விடுவாங்களா?" என்பார். ஓய்வு பெற்ற மறுவாரமே ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு, அத்தனை வருஷமும் நிறுத்த முடியாத இடங்களில் எல்லாம் நிறுத்தக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பறவை மீது ஆசையெல்லாம் கிடையாது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அவருக்கு ஒரு வருஷம் முன்னால்தான் வேலையை விட்டு இறங்கியிருந்தேன். காலையில் இரண்டாவது காபி குடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே சும்மா படுத்துக் கிடப்பதுதான் என் லட்சியமாக இருந்தது. இந்த மனுஷன் விட்டால்தானே. விடியும் முன்பே எழுந்து புளிச்சோறு கட்ட வைத்துவிடுவார். திட்டிக்கொண்டேதான் கட்டுவேன். ஆனால் கட்டுமாவடி தாண்டி உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் திட்டு தானாக நின்றுவிடும். அதை அவரிடம் நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

துபாயில் இருக்கும் மகன் ஒரு பைனாகுலர் வாங்கி அனுப்பியிருந்தான். அது என் கழுத்தில் தொங்கும். அவருக்கு அது வேண்டாம். "இந்தக் கண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்பார். வேலையில் இருந்தவரை நடந்த கண் பரிசோதனை எதிலும் தவறாதவர். கடைசி வரி எழுத்தை டாக்டர் கேட்கும் முன்பே படித்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி என்னைச் சாகடித்திருக்கிறார். அதனால் எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. அவர் பார்த்துச் சொல்வார், நான் பைனாகுலரில் சரிபார்த்து எழுதுவேன். நாள், இடம், பறவை, எத்தனை என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆபீஸ் புத்தி எங்கே போகும்!

ஒரு தடவை மணமேல்குடிப் பக்கம் நோட்டும் கையுமாக நின்றபோது, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "எறா பண்ணைக்கு எடம் அளக்க வந்தீங்களா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "இல்லீங்க, நாரை பாக்க வந்தோம்" என்றார் இவர். பெரியவர் இவரை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். பிறகு அவரே கழிமுகத்துக்குள் நடக்கச் சேறு இல்லாத வழியைக் காட்டினார். நாங்கள் புளிச்சோற்றில் பங்கு கொடுத்தோம். உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வுக்குப் பிறகு இப்படிச் சுற்றிய நாலு வருஷம் மாதிரி என் வாழ்க்கையில் வேறு காலம் இல்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அவருக்கு ஷிப்ட், எனக்கு ஆபீஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஓடிப்போயிருந்தது. சேற்றங்கரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து, உள்ளான் பறவைகள் குடுகுடுவென்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளாஸ்க் டீயை இரண்டு பேர் குடிப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நீளக் காலும் ரோஜா நிறமுமாக இருக்கும் பூநாரைதான் அவருக்குப் பெரிய ஆசை. டிரைவர் சீட்டிலிருந்து இரண்டே தடவை பார்த்திருக்கிறார். போன வருஷம் தை மாதம், கட்டுமாவடிக்குத் தெற்கே ஒரு காலையில், "அந்தா பாரு! பூநாரை! நாப்பது இருக்கும்!" என்று கத்தினார். நான் பைனாகுலரைத் தூக்கினேன். கம்பு நட்டுக் காயப்போட்டிருந்த வலை. அதில் வரிசையாகத் தொங்கிய, வெளிறிய சிவப்பு மிதவைகள். வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். "ஆமாங்க" என்றேன். நோட்டில் "பூநாரை, நாற்பது" என்று எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீசில் பொய்யாக ஒரு வரி எழுதாதவள் நான்.

ஒன்றோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்த நாட்களில் அவர் கண்ணுக்குக் கொக்கு கூழைக்கடாவானது, கரையில் கிடந்த கட்டை நீர்க்காகமானது. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" சொன்னேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரப் பயம் வந்ததும், இடுப்பு வலிக்கிறது, பஸ்ஸில் போவோம் என்றேன். அவருடைய கண் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சொன்னால் அவர் ஒடிந்துபோவார் என்று பயந்தேன். அது பாதி உண்மை. சொன்னால் இந்தப் பயணம் நின்றுவிடும் என்ற பயம் மீதிப் பாதி. அந்தச் சேற்றங்கரையை விட எனக்கு மனசில்லை.

தை பிறக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோதுதான், அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கப் பார்த்ததைக் கண்டு, மனசு கேட்காமல் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றிருந்தது. "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான், "போன தைலேருந்துங்க" என்று சொல்லிவிட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சட்டென்று சொல்லிவிடும் பழக்கம். டாக்டரம்மா நிமிர்ந்து, "அப்பவே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாமேம்மா" என்றார். இவர் என் பக்கம் திரும்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் காரைக்குடி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அப்ப அந்த நாப்பது?"

"வலைங்க. காயப்போட்டிருந்த வலை."

அவர் சொன்னார்: "ரிவர்ஸ் எடுக்கையில பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கண்டக்டர் 'வா வா'ங்கறத நம்பித்தான் எடுப்பேன். பிடிக்காத கண்டக்டர்கூட வேலை பாத்திருக்கேன். ஒருத்தன்கூட எனக்குப் பொய்யா ரைட் குடுத்ததில்ல."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஊர் வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் பார்வையில் ஒரு பகுதி என் "ஆமாங்க"வில் போனது. இதை எப்படிச் சொன்னாலும் அழகாகாது.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பாடு, மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் நடந்தது. கடற்கரையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. இந்தத் தை பாதி போனதும் நானே ஒரு நாள் விடியும் முன்பு புளிச்சோறு கட்டிவிட்டு, "கெளம்புங்க" என்றேன். மறுக்கவில்லை, வந்தார்.

மணமேல்குடியைத் தாண்டி இறங்கி நடந்தோம். அவர் என் தோளைப் பிடித்திருந்தார். சேற்றங்கரை திரும்பியதும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீருக்குள் நீளக் கால்களோடு, ரோஜா நிறத்தில், கழுத்தை வளைத்துச் சேற்றைத் துழாவிக்கொண்டு நின்றன.

"ஏங்க, பூநாரைங்க! நெசமாவே வந்திருக்கு!"

"ம்" என்றார். சின்னப் பிள்ளை எதையாவது காட்டினால் சொல்வோமே, அந்த "ம்".

"சத்தியமாங்க" என்றேன். கூடையோடு கரையேறி வந்த ஒரு மீன்காரம்மாவின் காலடிச் சத்தம் கேட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பி, "ஏம்மா, அங்கிட்டு தண்ணியில என்ன நிக்குது?" என்று கேட்டார்.

நான் சொன்ன ஒன்றை, எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கோபம் சுருக்கென்று ஏறியது. ஏறின வேகத்தில் இறங்கிவிட்டது. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

"அதாங்கய்யா, பெரிய பெரிய கொக்காட்டம் ரோஸு கலர்ல. ரெண்டு நாளா நிக்குது" என்று சொல்லிவிட்டு அந்தம்மா போய்விட்டார்.

அவர் அந்தத் திசைக்கு நேராக நின்றார். வெகுநேரம் நின்றார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. பிறகு, என்னைப் பார்க்காமலேயே, "எத்தனைன்னு எண்ணு" என்றார்.

எண்ணினேன். வலமிருந்து இடமாக ஒரு தடவை, இடமிருந்து வலமாக ஒரு தடவை. முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டி, பைனாகுலரை அசையாமல் பிடித்து மூன்றாவது தடவையும் எண்ணினேன்.

"எம்பத்தாறுங்க" என்றேன். பிறகு சொன்னேன்: "கடைசில ஒண்ணு தள்ளி நிக்குது. அது பறவையா, நட்டு வச்ச கம்பான்னு எனக்குத் தெரியலங்க."

அவர் கை மறுபடியும் என் தோளுக்கு வந்தது.

"அப்ப எம்பத்தஞ்சுன்னு எழுது" என்றார்.